மலை இறங்கியதும் விமானம் ஏறிவிடாதீர்கள்

நேபாளத்தில் மலையேற்றம் முடித்துத் திரும்பும் நண்பர்கள் பலர், காத்மாண்டுவில் பயணிகள் தங்கும் பகுதியான தமேலில் ஓர் அறை எடுத்து, அழுக்குத் துணிகளைச் சலவைக்குக் கொடுத்து, கம்பளிச் சால்வை ஒன்றை வாங்கிக்கொண்டு மறுநாளே ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். புழுதியும் நெரிசலும் நிறைந்த காத்மாண்டுவில் பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கைப் பார்க்காதவர்கள் நேபாளத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்பதே என் உறுதியான கருத்து.

லாங்டாங் மலையேற்றப் பாதையில் நடந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போது பனியும் பாறையும் சரிந்து லாங்டாங் கிராமத்தையே மூடிவிட்டன. அதற்கு மேலுள்ள கியான்ஜின் கோம்பா என்னும் ஊருக்குச் செல்லும் பாதை இன்று அந்தக் கற்பரப்பின் மேல்தான் போகிறது. காத்மாண்டுவின் பழைய சதுக்கத்தில் இருந்த காஷ்டமண்டபம் என்னும் பழம்பெரும் மண்டபத்தை வீழ்த்தியதும் அதே நிலநடுக்கம்தான். அப்போது அங்கே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்ததால் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இடிபாடுகளை அகற்றி ஆராய்ந்தபோது, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்பட்ட அந்த மண்டபத்தின் அடித்தளம் 7ஆம் நூற்றாண்டுக்குரியது என்று தெரியவந்தது. பழைய முறைப்படியே மரமும் செங்கல்லும் கொண்டு கட்ட வேண்டும் என்று ஊர்மக்கள் வலியுறுத்தினார்கள். 2022இல் மண்டபம் மீண்டும் எழுந்து நின்றது. மலையில் பேரழிவின் தடத்தைப் பார்த்தவர்கள், மனிதர்கள் அதற்குத் தந்த பதிலையும் பார்த்துவிட்டுப் போக வேண்டாமா?

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதே பள்ளத்தாக்கிலுள்ள பாட்டன் என்னும் பழைய நகரைத்தான் நான் சொல்வேன். மன்னர் சித்தி நரசிம்ம மல்லன் 1637இல் எழுப்பிய கிருஷ்ணர் கோயில் முழுவதும் கல்லால் ஆனது. அதன் சுவர்களில் ராமாயண, மகாபாரதக் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதால், நம் கோயில்களில் புராணச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்களால் அங்கிருந்து எளிதில் நகர முடியாது. பக்கத்தில் படியிறங்கினால் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மங்க ஹிட்டி என்னும் நீர்த்துறையின் கல்வாய்களைக் காணலாம். அதே நகரின் பாட்கோ தோலே பகுதியில் 1984இல் திருடுபோன லட்சுமி நாராயணர் சிலை, அமெரிக்காவின் டல்லாஸ் அருங்காட்சியகத்திலிருந்து 2021இல் திரும்பி வந்து தன் கோயிலிலேயே மீண்டும் நிறுவப்பட்டது. மீட்கப்பட்ட தெய்வம் கண்ணாடிப் பெட்டிக்குள் போகாமல் பூசைக்குத் திரும்பியது எனக்குப் பெரிய நிறைவைத் தருகிறது. சிலைத் திருட்டில் நாம் இழந்தவற்றை நினைக்கும்போது இது நமக்கும் வேண்டிய முன்மாதிரி.

பசுபதிநாதர் கோயிலுக்கும் பௌத்தநாத் தூபிக்கும் எல்லோருமே எப்படியும் போய்விடுவார்கள். பசுபதிநாதருக்குத் தென்னிந்திய பட்டர்களே பூசை செய்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் இன்னொரு பழைய நகரான பக்தபூரை அவசரமாகப் பார்க்கக் கூடாது. மன்னர் பூபதீந்திர மல்லன் 1702இல் கட்டிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயில் 1934, 2015 ஆகிய இரண்டு பெரும் நிலநடுக்கங்களையும் தாங்கி நிற்கிறது. அதன் படிகளில் கீழே மற்போர் வீரர்கள், மேலே யானைகள், சிங்கங்கள் என இணை இணையாகக் காவல் நிற்க, ஒவ்வோர் இணையும் தனக்குக் கீழுள்ளதைவிடப் பத்து மடங்கு வலிமை கொண்டது என்பது மரபு. பகலில் வாகனத்தில் வந்து திரும்புகிறவர்களுக்கு அந்த ஊர் முழுமையாகக் கிடைக்காது. ஓர் இரவாவது தங்கி, மண்சட்டியில் உறையூற்றிய ஜூஜு தௌ என்னும் தயிரைச் சாப்பிட்டுவிட்டு, விடியற்காலையில் குயவர் சதுக்கம்வரை நடந்து பாருங்கள்.

ஆகவே விமானச் சீட்டு எடுக்கும்போதே மலையேற்றத்துக்குப் பிறகு மூன்று நாள்களாவது ஒதுக்குங்கள். விடுப்பு போதவில்லை என்றால், சிகரங்களைத் தொலைவில் பார்க்கும் இன்னொரு காட்சிமுனைக்காக வைத்திருக்கும் நாளைக் குறைத்துக்கொள்ளலாம். பாட்டனையும் பக்தபூரையும் குறைக்காதீர்கள்.