சிங்கத்துக்கு எத்தனை மணி என்று எழுதட்டும்?

(நைரோபியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாமா கணக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார், மார்ச் முதல் வாரத்தில் ஊர் திரும்ப வேண்டும். மாப்பிள்ளை நைரோபியில் வேலை பார்ப்பவர். மேசை மீது ஒரு வரைபடமும், காட்டு விலங்குகளைப் பார்க்கப் போகும் பயணத்துக்காக மாமா அளவுகோல் வைத்துக் கட்டம் போட்ட ஒரு முழு நீளத் தாளும் இருக்கின்றன. தணிக்கைத் துறையினரோடு பழகியவர்களுக்கு அந்தத் தாளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.)

மாமா: மாப்பிள்ளை, நாள், நேரம், இடம், விலங்கு, செலவு என்று ஐந்து பத்திகள் போட்டிருக்கிறேன். கென்யாவின் மாரா ஆற்றில், மாட்டைப் போலிருக்கும் வில்டபீஸ்ட் மான் கூட்டம் குதிப்பதையும், முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பதையும் தொலைக்காட்சியில் பார்த்த நாள் முதலாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. எனவே அதை முதல் வரியில் எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 12, காலை பத்து மணி என்று போடலாமா?

மாப்பிள்ளை: போடலாம் மாமா, ஆனால் அன்றைக்கு ஆறு மட்டும்தான் இருக்கும். அந்தக் கூட்டம் மாரா ஆற்றுப் பக்கம் வருவது பெரும்பாலும் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில்தான். இப்போது அது எல்லைக்கு அப்பால், தான்சானியாவில், செரங்கெட்டி என்ற பெரும் புல்வெளியின் தெற்கு ஓரத்தில் நிடுட்டு என்ற இடத்தைச் சுற்றி மேய்ந்துகொண்டிருக்கும்.

மாமா: பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் ஒரே நேரத்தில் விடுப்பில் போயிருக்கின்றன என்கிறீர்கள். இதற்கு யார் ஒப்புதல் கொடுத்தது?

மாப்பிள்ளை: விடுப்பு இல்லை மாமா, இடமாறுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த இடத்தில் புல் முளைக்கிறது. புல் முளைத்த இடத்துக்கு அவை போகின்றன. கூடவே வரிக்குதிரைகள் இரண்டு லட்சம் போகின்றன. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ வலஞ்சுழியாக இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கிறது.

மாமா: அப்படியானால் அந்த ஆறு ஓடும் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடட்டுமா?

மாப்பிள்ளை: வேண்டாமே. கூட்டம் போய்விட்டாலும் மாராவின் சிங்கங்கள் ஊரை விட்டுப் போவதில்லை. அதோடு வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணமும் ஜூலை முதல் டிசம்பர் வரை நபருக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர்தான். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரைக்கான கட்டணம் அது.

மாமா: (பேனாவை மூடுகிறார்.) பாதி விலையா! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஆற்றைப் பற்றி நான் வாயே திறந்திருக்க மாட்டேனே. மாராவைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் தெற்கே விட்டால் செரங்கெட்டி வந்துவிடும். வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு மட்டும்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை: அந்தக் கோட்டைத் தாண்டத்தான் நமக்கு வழியில்லை. 1977இல் எல்லை மூடப்பட்டபோது அடைபட்ட அந்தப் பாதை, சுற்றுலாப் பயணிகளுக்கு மறுபடி திறக்கப்படவே இல்லை. மேற்கே இசபானியா எல்லைச் சாவடி வழியாகவோ, கிழக்கே நமங்கா எல்லைச் சாவடி வழியாகவோ சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

மாமா: வில்டபீஸ்ட் மட்டும் எப்படிப் போகிறது?

மாப்பிள்ளை: அதற்குக் கடவுச்சீட்டு இல்லை, மாமா. உங்களுக்கு இருக்கிறது, அதுதான் சிக்கல்.

மாமா: எனக்கு என்ன சிக்கல்? கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா என்று ஒன்றுக்கு நூறு டாலர் கட்டித்தானே வந்திருக்கிறேன்? கிழக்கு ஆப்பிரிக்கா என்றால் அதில் தான்சானியாவும் அடங்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியுமே.

மாப்பிள்ளை: அந்த விசாவில் கென்யாவும் உகாண்டாவும் ருவாண்டாவும் மட்டுமே சேரும். தான்சானியாவுக்குத் தனியாக வாங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைப் பற்றி மட்டும் கவலை இல்லை. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது கேட்பார்கள் என்று முன்பே ஊசி போட்டுக்கொண்டுதானே வந்தீர்கள்.

மாமா: அது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. குளிக்கப் போகும்போது மட்டும் உங்கள் அத்தையிடம் கொடுத்து வைப்பேன்.

(மாமா தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதிதாகக் கட்டம் போடுகிறார். இதற்குப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகின்றன. அதை இங்கே விவரிப்பதால் யாருக்கும் பயனில்லை.)

மாப்பிள்ளை: இரண்டையும் ஒரே பயணத்தில் அடைக்காமல், மாராவை வேறொரு வார இறுதிக்கு வைத்துக்கொள்வோம். இப்போது நமங்கா, அங்கே வண்டி மாறி அருஷா, கராட்டு, நிடுட்டு, திரும்பும் வழியில் நிகோரோங்கோரோ எரிமலைப் பள்ளம் என்று ஐந்து நாள் போதும். பிப்ரவரியில் நிடுட்டுப் புல்வெளியில் நடப்பது, ஆற்றைக் கடப்பதை விடப் பார்க்க வேண்டிய காட்சி என்பேன். இரண்டு மூன்று வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறந்துவிடும். பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து நிற்கும். அன்றைக்கே தாயோடு ஓடும்.

மாமா: எல்லாத் தாய்களும் ஒரே நேரத்தில் ஈன்றால் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் கொண்டாட்டம்தானே? நிர்வாகம் என்று ஒன்று இருந்தால் மாதத்துக்கு இத்தனை என்று பிரித்து அல்லவா பிறக்கச் செய்திருக்க வேண்டும்?

மாப்பிள்ளை: பிரித்துப் பிறந்தால் ஒன்றுகூட மிஞ்சாது, மாமா. ஆண்டு முழுவதும் நாளுக்கு ஒன்றாக வந்தால் ஒவ்வொன்றையும் பிடித்துவிடும். இப்படி இரண்டு மூன்று வாரங்களில் வெள்ளமாக வந்தால், சிங்கம் எவ்வளவுதான் தின்னும்? வயிறு நிறைந்த பிறகு பக்கத்தில் கன்று நின்றாலும் திரும்பிப் பார்க்காது.

மாமா: நிதியாண்டுக் கடைசியில் மார்ச் 31 அன்று எல்லாப் பட்டியல்களையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டினால், எங்களால் பாதியைக் கூடச் சரிபார்க்க முடியாது. மற்ற துறைக்காரர்கள் இதை இங்கேதான் கற்றுக்கொண்டார்கள் போலும். சரி, அதற்காக ஏன் அந்த மூலைக்குப் போக வேண்டும்?

மாப்பிள்ளை: அங்கே ஓல் டொயின்யோ லெங்காய் என்று ஓர் எரிமலை இருக்கிறது. அந்தப் பகுதி எரிமலைகள் காலங்காலமாக உமிழ்ந்த சாம்பல் படிந்த மண்ணில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. அந்தக் குட்டைப் புல்தான் பால் கொடுக்கும் தாய்களுக்கு ஏற்றது. உயரமான புல் இல்லாததால் பதுங்கி வரும் சிங்கமும் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

மாமா: நல்லது. நிகோரோங்கோரோவில் விலங்குப் பத்தியில் ஒட்டகச்சிவிங்கி என்று எழுதுகிறேன்.

மாப்பிள்ளை: அந்தப் பள்ளத்துக்குள் யானை, சிங்கம், எருமை, நீர்யானை எல்லாம் உண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்புக் காண்டாமிருகம் கூடத் தெரியும். ஒட்டகச்சிவிங்கி மட்டும் இருக்காது. சுவர் ஏறத்தாழ அறுநூறு மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது.

மாமா: அவ்வளவு நீளமான கழுத்தை வைத்துக்கொண்டு எட்டிக்கூடப் பார்க்காதா? சரி, கட்டணம்?

மாப்பிள்ளை: ஆளுக்கான கட்டணம் தனி. அதற்கு மேல், பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 250 டாலர். அதன்மீது 18 விழுக்காடு வரி.

மாமா: (வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு) 295. ஆளுக்கு அல்ல, வண்டிக்குத்தானே? அந்த வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம்?

மாப்பிள்ளை: ஆறேழு பேர்.

மாமா: நாம் நால்வர். எதிர்வீட்டுக் குடும்பத்தில் மூவர். அவர்கள் நம்மோடு வந்தே தீர வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் அன்பு உண்டு.

மாப்பிள்ளை: அவர்கள் குடி வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, மாமா. சாலைப் பயணம் உங்களுக்குச் சிரமம் என்றால் சிறிய விமானத்திலும் போகலாம். ஆனால் கைப்பையோடு சேர்த்து ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் சக்கரம் இல்லாத துணிப்பையாக இருக்க வேண்டும்.

மாமா: பதினைந்து கிலோவா? உங்கள் அத்தை கொண்டுவந்திருக்கும் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஆவக்காய், கைமுறுக்கு ஆகியவற்றுக்கே அது போதாது. சாலை வழியே போவோம். முறுக்கை ஐந்தாறு பிளாஸ்டிக் பைகளில் கட்டிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை: பிளாஸ்டிக் பைகள் கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை செய்யப்பட்டவை. எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் கூரை திறந்திருக்கும்போது சம்படத்தைத் திறக்காதீர்கள். பபூன் குரங்கு வந்தால் முறுக்கோடு சம்படமும் போய்விடும். பிறகு, அந்தக் கருநீலச் சட்டையை எடுத்துவர வேண்டாம்.

மாமா: பணி ஓய்வு விழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நிகரான சட்டை அது! அதில் என்ன குறை கண்டீர்கள்?

மாப்பிள்ளை: குறை கண்டது நான் இல்லை, செட்சி ஈ. நீலமும் கறுப்பும் கண்டால் அது தேடி வந்து கடிக்கும். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே அந்த நிறத் துணியில்தான் தைக்கிறார்கள். மண் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

மாமா: (பெருமூச்சுடன்) இப்போது நேரப் பத்திக்கு வருவோம். சிங்கத்துக்கு எத்தனை மணி என்று எழுதட்டும்?

மாப்பிள்ளை: நாளில் இருபது மணி நேரம் வரை அது படுத்தேதான் கிடக்கும், மாமா.

மாமா: இருபது மணி நேரமா! எந்த அலுவலகத்தில் வேலை?

மாப்பிள்ளை: எழுந்து நடமாடுவதைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையிலோ, பொழுது சாயும்போதோதான் வாய்ப்பு. ஆகவே காலை ஆறு மணிக்கெல்லாம் விடுதியிலிருந்து வண்டி கிளம்பியாக வேண்டும். படுத்திருக்கும் சிங்கத்தைக் கையைத் தட்டியோ, ஒலிப்பானை அடித்தோ எழுப்பக் கூடாது. வண்டியை விட்டு இறங்கவும் கூடாது.

மாமா: ஆறு மணி என்றால் ஐந்துக்கு எழ வேண்டும். நான் எழுந்துவிடுவேன், முப்பத்தைந்து ஆண்டு அரசுப் பணி செய்த உடம்பு. பொறுப்பாளர் யார் என்று ஆறாவது பத்தி ஒன்றையும் போட்டுவிட்டேன். வண்டிக்கு ஓட்டுநர், முறுக்குக்கு நான், பணத்துக்கு நீங்கள் என்று எழுதியாகிவிட்டது. ஐந்து மணிக்கு உங்கள் அத்தையை எழுப்புவதற்கு எதிரே யார் பெயரை எழுதட்டும்?

மாப்பிள்ளை: (நெடுநேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு) மாமா, மாலைச் சிங்கத்தையே பார்த்துக்கொள்வோம்.