எல்கேஜி நோட்டு காலியாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு

"இவ்வளவு ஃபீஸ் கட்டுறோம், நோட்டுல ஒரு பக்கம்கூட எழுதல." எல்கேஜி பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் வரும் புகார். மூன்றரை வயதுப் பிள்ளையின் நோட்டு காலியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அத்தனையும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் இறுகும். மூன்று வயதில் பாதிகூட இறுகியிருக்காது. எலும்பு மட்டுமல்ல, தோளும் உள்ளங்கைத் தசையும் அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கின்றன. பார்த்து வரைவதில் வட்டம் மூன்று வயதை ஒட்டி வரும், கூட்டல் குறி நான்கில், சதுரம் நாலரையில், முக்கோணம் ஐந்தில். இப்போது 'அ'வைப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக்கோடு, கீழே இழுப்பு. கூட்டல் குறியே போட வராத கை, பென்சிலை முஷ்டியாகப் பிடித்து மொத்தக் கையையும் அழுத்தித்தான் அதை எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் இரண்டாம் வகுப்பில் மாற்றுவது பெரும்பாடு.

அந்தக் கைக்கு வேண்டியது மாவு. ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், சிட்டிகை மஞ்சள்தூள். அரை கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். மொத்தமாக ஊற்றினால் கையில் ஒட்டும், பிள்ளை தொடாது. மூடி வைக்காவிட்டால் மழைநாளில் உப்பு ஈரம் இழுத்துக் கொழகொழத்துவிடும். உருட்டுவது, கிள்ளுவது, முறுக்குச் சுற்றுவது எல்லாம் விரலுக்கான வேலை. வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பு அதிகம்.

கணக்குக்குப் பல்லாங்குழி. நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் "நாலு புளியங்கொட்டை எடுத்துக் குடு" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் கை நிறைய அள்ளித் தரும். ஒப்பிப்பது பாட்டு, எண்ணுவது வேறு. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போதுதான் ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது கைக்குப் புரியும். ஒரு குழியைத் தாண்டினாலோ ஒன்றில் இரண்டு விழுந்தாலோ தவறு கண்ணெதிரே கிடக்கும். ஒரு குழியில் நாலு சேர்ந்ததும், ஆட்ட வழக்கப்படி "பசு!" என்று அள்ளுகிற பிள்ளை, எண்ணாமலே நாலைப் பார்க்கப் பழகிவிட்டது. நாலு வயதுக்கு 14 குழியும் வேண்டாம். முட்டை அட்டையில் இரண்டு வரிசை வெட்டி, குழிக்கு மூன்று கொட்டை போட்டுத் தொடங்கலாம். மூன்று வயதுக்குக் கீழே கொட்டையே கூடாது. மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும்.

சில பள்ளிகள் 'ஆக்டிவிட்டி' என்று ஆப்பிள் படம் அச்சிட்ட தாளைக் கொடுத்து, கோட்டுக்கு வெளியே போகாமல் சிவப்பு அடிக்கச் சொல்கின்றன. அதுவும் நோட்டு வேலைதான். வேஷம் வேறு, அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒரு மணி அடித்து விளையாட்டை மாற்றுவதும் உதவாது. கட்டையை அடுக்கி, சரிந்து, ஏன் சரிந்தது என்று பிள்ளை யோசிக்கவே அரை மணி பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "இது என்ன கலர், இது எத்தனை?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "பெரிய கட்டை அடியில வச்சிருக்கியே" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், பேச்சை அது தொடரும்.

அட்மிஷனுக்குப் போகும்போது பழைய நோட்டைப் புரட்ட வேண்டாம். கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பீரோ மேலே பாலிதீன் உறையோடு இருந்தால், அவை பெற்றோருக்காக வாங்கியவை.