இரண்டு பக்கமும் நீங்களேதான் அடிக்கிறீர்கள்

பிறந்த குழந்தையின் வெண்டிலேட்டரை (செயற்கையாக மூச்சு கொடுக்கும் கருவி) எடுக்கச் சம்மதித்ததை ஓர் அம்மா பொதுவில் எழுதியிருந்தார். அவரையும் அவர் கணவரையும் திட்டி வந்த அந்தப் பதிவை இங்கே பகிரப் போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "கடைசி மூச்சு வரை போராடாதவர்கள் எதற்குப் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும்?" என்ற வரிக்கு எத்தனை இதயக்குறிகள்! அதில் என் நட்பு வட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்த அம்மாவும் அப்பாவும் குழந்தையைக் கொல்லவில்லை. வெண்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தார்கள். அந்த அம்மா எழுதியதை ஒழுங்காக வாசித்திருந்தாலே இது புரிந்திருக்கும். பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருப்பார்கள். பல குழந்தைகள் அதில் பிழைத்து எழுகிறார்கள். எல்லாக் குழந்தைகளும் எழுவதில்லை. இந்தப் பிள்ளைக்குத் தானாக மூச்சு வரவில்லை, வலிப்பு நிற்கவில்லை, எம்.ஆர்.ஐ.யிலும் நம்பிக்கை தரும்படி எதுவும் இல்லை. இன்னும் ஒரு வாரம் குழாயோடு கிடந்திருந்தால் அதனால் யாருக்கு என்ன கிடைத்திருக்கும்? உங்களுக்கு மனநிறைவு கிடைத்திருக்கும்.

"மெஷின் வைக்காமலே விட்டிருந்தால் பரவாயில்லை, வைத்ததை எடுத்ததுதான் பாவம்" என்கிறார் ஓர் அண்ணன். மருத்துவ அறவியலில் பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். காரணமும் எளிது. ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவே கூடாது என்று வைத்தால், சந்தேகமான நிலையில் வரும் குழந்தைக்குத் தொடங்கவே கை நடுங்கும். தேறியிருக்கக்கூடிய பிள்ளையும் சேர்ந்து போய்விடும்.

அப்புறம் அந்த மார்ஃபின் விவகாரம், அதாவது கடைசி நேரத்தில் பிள்ளைக்குக் கொடுத்த வலிமருந்து. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, 1980கள் வரைக்கும் போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை செய்திருக்கிறார்கள். ஆனந்த் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வலிமருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் சிக்கல்கள் குறைவு என்று அதில் தெரிந்தது. அதன் பிறகுதான் பலரும் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். இன்று கடைசி நேரத்தில் பிள்ளை மூச்சுக்குத் திணறாமல் இருக்க மருந்து கொடுத்தால், "ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்" என்று எழுதுகிறீர்கள். நல்லது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் அக்கா மகளுக்கு டிரைசோமி 18, அதாவது 18ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் பிறவிக் குறைபாடு. இதயத்தில் ஓட்டை. இந்தக் குறைபாட்டோடு உயிருடன் பிறப்பவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர்தான் ஒரு வயதைத் தாண்டுவார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அக்காவும் அத்தானும் அறுவை செய்யச் சொன்னார்கள். அப்போது வந்த அறிவுரைகள் என்ன தெரியுமா? "எதற்கு இந்தச் சித்திரவதை?" "இயற்கைக்கு விட்டுவிடக் கூடாதா?" "சுயநலம்." ஒரு மருத்துவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'அந்த கேஸ்' என்பார். அவள் மூன்றாவது பிறந்தநாளைத் தாண்டினாள். நடக்கவில்லை, பேசவில்லை. அக்கா குரல் கேட்டால் மட்டும் கால் இரண்டையும் உதறிச் சிரிப்பாள். அவள் போன அன்று வீட்டுக்குள் வந்து "உனக்கும் ஒரு விடுதலைதான்" என்று அக்கா காதில் சொன்ன அதே ஆள், நேற்று "கடைசி மூச்சு வரை" பதிவுக்கு இதயம் போட்டிருக்கிறார். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. சரி, இரண்டு பக்கமும் ஒரே ஆள் இடித்தால்?

"அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு வாழ்க்கையா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. டிரைசோமி 13 (13ஆவது குரோமோசோமில் அதே போன்ற குறைபாடு), 18 உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2012இல் வந்தது. தங்கள் பிள்ளை மகிழ்ச்சியாக இருப்பதாக 97 சதவீதம் பேர் சொன்னார்கள். இணையக் குழுக்களில் இருந்த பெற்றோரைத்தான் கேட்டார்கள், அதனால் சாய்வு இருக்கும் என்பீர்கள். இருக்கட்டுமே. உங்கள் கருத்தில் சாய்வே இல்லையா? சரோஜ் சைகல் குழுவினர் கனடாவில் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், கடும் குறைபாடுள்ள வாழ்க்கைக்கு மருத்துவர்களும் செவிலியர்களும் கொடுத்த மதிப்பெண், பெற்றோரும் பதின்வயதினரும் கொடுத்ததைவிடக் குறைவு. கூட இருந்து பார்க்கும் மருத்துவர்களின் கணிப்பே இப்படி என்றால், போனில் விரலால் தள்ளிக்கொண்டே பார்க்கிறவர் கணிப்பு எந்த லட்சணத்தில் இருக்கும்?

அப்படியானால் பெற்றோர் என்ன முடிவு எடுத்தாலும் சரியா? இல்லை. 1982இல் அமெரிக்காவின் இண்டியானாவில், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு குழந்தைக்கு உணவுக்குழாயைச் சரிசெய்யும் அறுவையைப் பெற்றோர் மறுத்தார்கள். நீதிமன்றமும் தலையிடவில்லை. சில நாட்களில் குழந்தை இறந்தது. அது அநியாயம். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யாமல் விட்டார்கள். ஆனால் அதைக் கொண்டுவந்து இந்தப் பெற்றோர் தலையில் வைக்காதீர்கள். இவர்கள் பிள்ளைக்குச் சரிசெய்ய என்ன மிச்சம் இருந்தது? 2017இல் லண்டனில் பெற்றோர் சிகிச்சையைத் தொடரக் கேட்டும் நிறுத்தலாம் என்று நீதிமன்றம் சொன்ன, சார்லி கார்ட் என்ற குழந்தையின் வழக்கையும் சிலர் இழுக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு இப்போது பொறுமை இல்லை.

இதயக்குறி போட்டவர்களில் எத்தனை பேர் ஒரே ஓர் இரவு சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் குழாயைப் பிடித்திருக்கிறீர்கள்? மூக்குக் குழாய் வழியாகப் பால் இறங்கும்வரை கையைத் தூக்கிப் பிடித்து நின்றிருக்கிறீர்களா? ஐ.சி.யூ. வாசலில், கையெழுத்துக் கேட்டு வரும் செவிலியரின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்திருக்கிறீர்களா? அக்கா பார்த்திருக்கிறாள். இந்த அம்மாவும் பார்த்திருப்பார். இருவரும் எடுத்தது எதிரெதிர் முடிவு. இருவரையும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, உங்களுக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கிறது?

"பொதுவில் எழுதினால் பொதுவில் கருத்து வரத்தான் செய்யும்" என்று யாராவது இங்கே வருவீர்கள், தெரியும். அந்த அம்மாவின் பழைய படங்களைத் தேடிப்போய், வளைகாப்புப் படத்துக்குக் கீழே "கொலைகாரி" என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் போய் அதை அழித்துவிட்டு வாருங்கள், அப்புறம் என்னிடம் கருத்துச் சுதந்திரம் பேசலாம்.