டோனி அயோமி: போனது எந்தக் கை விரல்?
"பிளாக் சாபத் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் அயோமிக்கு இடது கை விரல்கள் முழுசாகப் போயின, அதனால் குழுவின் முதல் ஆல்பத்திலேயே கம்பிகளைத் தளர்த்திவிட்டார்" என்கிறீர்கள் தம்பி. இரண்டுமே சரியில்லை. 1965-இல் பர்மிங்காம் தகடு ஆலையில் போனது வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் மட்டும். மனுஷர் இடது கைப் பழக்கக்காரர். கம்பியை அழுத்துவதே வலது கைதான், சிக்கலே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை நன்றாக இறக்கியது 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் எனக்கும் ஒரு விரல் நுனி கிடையாது (விசைப்படகில் கயிறு இழுக்கும் விஞ்ச் வாங்கிய காணிக்கை). ஸ்பேனர் பிடிக்கவே ஆறு மாதம் ஆனது. அப்புறம் இவரை எப்படிப் பிடிக்காமல் போகும்?