காப்பித்தூளில் கழுவிய படம்

போன மாசம் கடலூர் பக்கம் தாழங்குடா மீனவக் கிராமத்தில், வலை பின்னும் கொட்டகை ஒன்றில் என்னுடைய பதினேழு நிமிடப் படத்தைப் போட்டேன். கதை கிடையாது, வசனம் கிடையாது. தென்பெண்ணை கடலில் சேரும் இடமும் அங்கே வந்து போகும் படகுகளும் வெளிச்சமும்தான் படம். நாலு முழ வேட்டி ஒன்றைக் கட்டித் திரையாக்கினோம். நாற்பது பேர் இருப்பார்கள். முடிந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார்: "தம்பி, ஒண்ணும் புரியல. இன்னொரு தடவ போடு."

போட்டேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.

கதை இல்லாத படம் சாதாரண ஜனங்களுக்கு ஆகாது, அது படித்தவர்களுக்கும் திரைவிழாக்களுக்கும் உரியது என்று பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி என்னையும் பாதி நம்ப வைத்திருந்தார்கள். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அவர்களிடம் நாம் கொண்டுபோய்க் காட்டியதே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நான் கடலூர்க்காரன், குண்டு உப்பலவாடி. கல்யாண வீடியோ எடுத்துத்தான் குடும்பம் நடக்கிறது. 2018-ல் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஃபிலிம் சுருளில் படம் பிடிக்கும் சூப்பர் 8 கேமரா ஒன்று கிடந்தது. விலை பேசி 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். 1965-ல் கோடாக் கொண்டுவந்த வடிவம் அது. ஒரு ரோல் 50 அடி. நொடிக்கு 18 ஃபிரேம் ஓட்டினால் மூன்று நிமிடம் இருபது நொடியில் தீர்ந்துவிடும். ஒரு ரோல் வரவழைத்தால் ஒரு வளைகாப்பு வீடியோவின் கூலி அப்படியே போய்விடும். அதனால் ஆற்றங்கரையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்ப்பேன், பத்து நொடி எடுப்பேன், கிளம்பிவிடுவேன். செல்போனில் எடுத்திருந்தால் அப்படிப் பார்த்திருக்க மாட்டேன். போனில் எடுப்பதைக் குறைவாகச் சொல்லவில்லை, இன்றைக்குத் தொடங்குகிறவர்கள் போனில்தான் தொடங்க வேண்டும். எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் பற்றாக்குறை.

எடுத்த ஃபிலிமைக் கழுவிப் பிம்பத்தை வரவைக்கத்தான் வழியில்லை. வெளியே கொடுத்த முதல் ரோல் மொத்தமும் கறுத்துப் போய்த் திரும்பி வந்தது. அப்புறம் நானே கற்றுக்கொண்டேன். இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி. இந்த மூன்றையும் சரியான அளவில் தண்ணீரில் கரைத்தால் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் திரவம் தயார். காப்பியில் இருக்கும் காஃபிக் அமிலம் ஃபிலிமில் உள்ள வெள்ளியை வெளியே கொண்டுவருகிறது. பிம்பத்தை நிலைக்க வைக்க மட்டும் ஹைப்போ என்ற ரசாயனம் வாங்க வேண்டும். ராத்திரி குளியலறையில் ஜன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டு, எவர்சில்வர் வாளியில் 50 அடி ஃபிலிமைப் போட்டுக் கையால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் கால் மணி நேரம் ஆகும். நம்ம ஊரில் மே மாசம் குழாயைத் திறந்தால் 20 டிகிரிக்கு எங்கே போவது? சூடு ஏறினால் ஃபிலிமின் மேல் பூச்சு உப்பி உரிந்துவிடும். துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸை வாங்கி வந்து வாளியைச் சுற்றி அடுக்குவேன். முதல் தடவை ஓரங்களெல்லாம் உரிந்து, நடுவில் ஒரு படகு மட்டும் நெகடிவாகத் தெரிந்தது. வெள்ளைக் கடலில் கறுப்பு வானம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படி ஆறு வருஷத்தில் ஒன்பது ரோல் எடுத்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. இரண்டு நாள் கழித்து, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் சாத்தனூர் அணையில் நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்தது, வீட்டுக்குள்ளும் வந்தது. ஃபிலிம் எல்லாம் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் இருந்தன. தண்ணீர் வடிந்து டின்னைத் திறந்தபோது நாலு ரோல் சேற்றில் ஊறிக் களி மாதிரி ஒட்டிக் கிடந்தது. நான் தொடக்கூட இல்லை. அம்மாதான் ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, மாடியில் நனைந்த புடவைகளோடு சேர்த்துக் கொடியில் காயப்போட்டார்.

ஃபிலிமில் பிம்பத்தைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். மாட்டு எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. தண்ணீரில் ஊறினால் இளகும், கிருமிகள் அதைத் தின்னும். காய்ந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படகுகள் மேல் கிளை கிளையாகக் கறை ஓடியிருந்தது. துடுப்புப் போடும் ஒருவரின் முகம் முழுக்கக் கரைந்துபோய், துடுப்பும் கையும் மட்டும் மிஞ்சியிருந்தன. அமெரிக்காவில் ஸ்டான் பிராக்கேஜ் என்ற இயக்குநர் 1963-ல் கேமராவே இல்லாமல், அந்துப்பூச்சியின் இறகுகளை ஒளி ஊடுருவும் டேப்புக்கு நடுவே ஒட்டி ஒரு படம் செய்தார். அதைப் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் ஆற்றைப் படம் எடுக்கப் போய், அந்த ஆறே வந்து படத்தில் கை வைக்கும் என்று நினைத்ததில்லை. அந்த நாலு ரோலையும், நனையாமல் தப்பிய சிலதையும் ஃபிரேம் ஃபிரேமாக டிஜிட்டல் கேமராவில் பிரதி எடுத்தேன். பதினெட்டாயிரத்துச் சொச்சம் ஃபிரேம்.

அப்புறம் வழக்கமான அலைச்சல். கட்டணம் கட்டி அனுப்பிய விழாக்களில் பாதி பதிலே போடவில்லை. மாசா மாசம் விருது கொடுக்கும் ஓர் இணைய விழா, பணம் கட்டினால் சான்றிதழ் தருவதாக எழுதியது. தம்பிகளே, அப்படி வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு நாள் புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கலாம். சென்னையில் ஒரு சின்ன அரங்கில் காட்டியபோது, எந்த ஐரோப்பிய இயக்குநரின் பாதிப்பு இது என்று கேட்டார்கள். தாழங்குடாவில் திரையில் கறை ஓடத் தொடங்கியதும் ஒரு அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "எங்க ஊட்டு செவுத்துலயும் இப்படித்தான் கறை ஏறி நிக்குது." அதற்கு மேல் எந்த விளக்கமும் எனக்குத் தேவைப்படவில்லை.

மெதுவாகப் போகிறது, ஜனங்கள் பொறுக்க மாட்டார்கள் என்பார்கள். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். விடிய விடியக் கூத்து. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கதையை நடுவில் நிறுத்தி ஊர் விஷயம் பேசுவான், மறுபடி கதைக்குள் போவான். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு ஒரே ஓர் ஆள் நெட்டையான கம்பத்தில் பாட்டுப் பாடியபடி படிப்படியாக ஏறுவார். அதற்கே மணிக்கணக்காகும். கீழே ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். குழந்தைகள் தூங்கி எழுந்து மறுபடி பார்ப்பார்கள். துரியோதனன் வீழ்வதை நடத்திக்காட்டும் படுகளத்தன்று மைதானத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஓர் ஆளைப் போலப் பல மடங்கு நீளத்துக்குக் கிடப்பான். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வடிவம் உடைவதும், நேரம் நீள்வதும் புதுசு இல்லை. அவர்கள் கண்ணை நாம்தான் குறைத்து மதிப்பிட்டோம்.

கடலூரில் பிறந்த ஜெயகாந்தன் 1965-ல் தன் நாவலைத் தானே படமாக எடுத்தார். இயக்குநர் ஜான் ஆப்ரகாம் கேரளத்தில் ஒடேசா என்ற திரைப்படக் குழுவின் நண்பர்களோடு ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் பணம் திரட்டியே 1986-ல் ஒரு படத்தை முடித்தார். கதை சொல்லும் சுயாதீனப் படங்களுக்கு இன்றைக்கு ஓரளவு வழி திறந்திருக்கிறது. 'கூழாங்கல்' படம் 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைவிழாவில் டைகர் விருது வாங்கியபோது எல்லாரும் கொண்டாடினோம். கதை சொல்லாத படத்துக்கு மட்டும் உட்கார ஒரு திண்ணை இல்லை. புதுச்சேரி அரசு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் சிறந்த படத்துக்கு விருது கொடுத்து விழா எடுக்கிறது, மனசார மதிக்கிறேன். அந்த விழாவில் ஒரே ஒரு சாயங்காலத்தை இந்த மாதிரிக் குறும்படங்களுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்கிறேன். கடலூரில் அதுவும் இல்லை. இங்கே மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ மாசம் ஒரு நாள் இடம் கொடுப்பவர் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். திரையும் ஒலிபெருக்கியும் நான் கொண்டுவருகிறேன்.

அந்தப் பெரியவர் இரண்டாம் தடவை பார்த்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நீ எடுத்த மொகத்துவாரம் இப்ப அங்க இல்ல தம்பி. மணலு அடிச்சி வடக்க போயிடுச்சு. அதையும் எடுத்துடு."

ஒரு ரோல் மிச்சம் இருக்கிறது ஐயா என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவர் படகிலேயே போகிறோம். ஐஸுக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.