முன்மொழிந்தவர் யார்?

மூன்று நாட்களாக வாயைத் திறக்காமல் இருந்தேன். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். வந்தவர்கள் எழுதினார்கள், வராதவர்கள் அதைவிட நீளமாக எழுதினார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசிய ஒரு பெண் உறுப்பினரைப் பற்றி நேற்று இரவு ஒருவர், என் மதிப்புக்குரியவர்தான், "அந்த அம்மையார் சொன்னது சரியாகவே இருக்கலாம், சொன்ன விதம்தான் சரியில்லை" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நாற்பது பேரையும் ஒன்று கேட்கிறேன். அவர் சொன்னது என்ன? யாரையும் கேட்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம். குரல் உயர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கிறது. விரலை நீட்டியது நினைவிருக்கிறது. ஒருவருக்கு அவர் போட்டிருந்த தோடுகூட நினைவிருக்கிறது, அதையும் எழுதியிருக்கிறார். சொன்னது என்ன?

நானே சொல்கிறேன். நம் சங்கத் தேர்தலில் வாக்குப்பெட்டி ஒரே ஒரு மாலை, மூன்றே மணி நேரம் திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் இரவுப்பணிக்குக் கிளம்புகிறவர்கள் வர முடியாது. இரவுப்பணியில் இருப்பவர்கள் யார்? நம் உறுப்பினர்களில் பெரும்பாலும் பெண்கள்; அதிலும் பெரும்பாலும் அவரைப் போன்ற கறுப்பினப் பெண்கள். அவர்கள் சந்தா கட்டுகிறார்கள், வாக்குப் போடுவதில்லை. பிறகு நாம் "அவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று அறிக்கையில் எழுதுகிறோம். பெட்டியை மூன்று நாள் வையுங்கள் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான்கு நிமிடம். அதற்குள் தலைவர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முறை குறுக்கிட்டு, "கொஞ்சம் நிதானமாகப் பேசுங்களேன்" என்றார். அதுவரை அவர் நிதானமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நிதானமாகப் பேசச் சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்தது. எது முன், எது பின் என்பதை யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

அரை மணி நேரம் கழிந்தது. நம்மவர் ஒருவர், ஓர் ஆண் உறுப்பினர், எழுந்தார். ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, "பெட்டியை ஒரு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் வைத்தால் என்ன?" என்றார். தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது யோசனை!" என்றார். அங்கேயே ஒரு துணைக்குழு. அதற்கு அவரே அமைப்பாளர். அந்தப் பெண்ணுக்கும் பொறுப்புக் கொடுக்காமல் விடவில்லை, பெருந்தன்மையோடு கொடுத்தார்கள்: இரவுப்பணியில் இருப்பவர்களின் தொலைபேசி எண்களைச் சேகரித்துத் தர வேண்டுமாம்.

"அவர் திருடவில்லை, அவருக்கும் அதே யோசனை தோன்றியிருக்கலாம்" என்கிறார்கள். இருக்கலாம். அவரை எனக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும், நல்ல மனிதர். அவரைப் பற்றிய பேச்சே இது இல்லை. ஆனால், "இதை அவர் முன்பே சொல்லிவிட்டார்" என்று நான்கு சொல் சொல்லியிருக்கலாம். நான்கு சொல்லுக்கு எவ்வளவு மூச்சு செலவாகும்? ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பெண்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று 2016-இல் செய்தி வந்தது. ஒருத்தி ஒரு கருத்தைச் சொன்னால் இன்னொருத்தி அதை அவள் பெயரோடு சேர்த்துத் திருப்பிச் சொல்வாள், வேறு யாரும் அதைத் தனதாக்கிக்கொள்ள முடியாதபடி. அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த பெண்களுக்கே இந்த உபாயம் தேவைப்பட்டிருக்கிறது. இரவுப்பணி முடிந்து தூங்காமல் கூட்டத்துக்கு வந்தவருக்கு அன்று திருப்பிச் சொல்ல ஒருவரும் இல்லை. நானும்தான் இருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"எதற்கெடுத்தாலும் இனத்தையும் பாலினத்தையும் இழுக்காதே" என்கிறவர்கள்தான் அதிகம். இவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நம் சங்கத்தில் பெண் நிர்வாகிகள் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறோம், நானே ஒருத்தி. கறுப்பின நிர்வாகி இல்லையா? இருக்கிறார், துணைத் தலைவர். அப்படியானால் ஒதுக்கல் எங்கே இருக்கிறது என்கிறீர்கள். இதே கணக்கை ஒரு நீதிமன்றம் போட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1964-க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பின்னால் ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்றார்கள்; கடைசியாகச் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1976-இல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. அவர்கள் வெள்ளைப் பெண்கள் என்பது வேறு. இனப் பாகுபாடு என்றால் அதைத் தனியாகக் கொண்டு வாருங்கள், இரண்டையும் சேர்த்து ஒரு புதுவகை வழக்கு கேட்க முடியாது என்றார்கள். இந்த இடுக்கைச் சுட்டிக்காட்டித்தான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989-இல் கட்டுரை எழுதினார். இரண்டு சாலைகள் சந்திக்கும் முனையில் நிற்பவர் மீது எந்தப் பக்கத்து வண்டியும் மோதலாம் என்றார். அந்த முனையில் நிற்பவரைப் பார்த்து நாம், "உன் காயம் எந்தச் சாலையில் பட்டது, முதலில் அதைச் சொல்" என்கிறோம்.

"நம்மவரும் நிறத்துக்காக அவமானப்பட்டவர்தானே, அவர் முன்னுக்கு வந்தால் உனக்கு என்ன?" என்று உட்பெட்டியில் ஓர் அன்பர். மகிழ்ச்சிதான். இதே தலைவர் இதே மேடையில் அவருடைய உச்சரிப்பைக் கேலி செய்தபோது எனக்கும் வலித்தது, அன்றைக்கும் எழுதினேன். ஆனால் அடிபட்டவன் அடிக்க மாட்டான் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? 1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின மக்களின் உரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பேரணியை எல்லோருக்கும் தெரியும். மார்ட்டின் லூதர் கிங்கின் உரை உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. அன்றைய முக்கிய உரைகளில் ஒன்றுகூடப் பெண்ணுக்கு ஒதுக்கப்படவில்லை. அமைப்புக் குழுவில் இருந்த ஒரே பெண் அன்னா ஹெட்ஜ்மன். அவர் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு பெண் போராளிகளுக்கு மேடையில் ஓர் அஞ்சலி நிகழ்ச்சி சேர்த்தார்கள். கறுப்பின உரிமைப் போராளி டெய்சி பேட்ஸ் சில வாக்கியங்கள் பேசி அமர்ந்தார். பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் அங்கே இருந்தார், பேச அழைக்கப்படவில்லை, கௌரவிக்கப்பட்டார். பெண் தலைவர்களை ஆண் தலைவர்களோடு ஒரே சாலையில் நடக்கக்கூட விடவில்லை. நிறவெறியை எதிர்த்து உயிரைப் பணயம் வைத்த பெருமனிதர்களே இப்படி என்றால், நம்மவர் எந்த மூலை? அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

இப்போது கூட்டத்தின் கடைசித் தீர்மானத்துக்கு வருவோம். இதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "பெண் உறுப்பினர்களின் கருத்து வெளிப்பாட்டை மேம்படுத்த" ஒரு பேச்சுப் பயிற்சி முகாம் நடத்துவார்களாம்! மார்கரெட் தாட்சர் பிரிட்டனின் பிரதமராவதற்கு முன் குரலைத் தாழ்த்திப் பேசப் பயிற்சி எடுத்துக்கொண்டார். பெருமையாகச் சொல்லப்படும் கதை அது. வெள்ளைக்காரப் பெண், ஒரு பெரிய கட்சியின் தலைவர், அவருக்கே சொந்தத் தொண்டை போதவில்லை. எங்களுக்கு எவ்வளவு ஆழத்தில் குரல் தோண்ட வேண்டும் என்று முகாமில் சொல்வார்கள் போலிருக்கிறது.

முகாம் என்றதும் எனக்கு என் துண்டுக் காகிதங்கள் நினைவுக்கு வந்தன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கேட்க நினைப்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நான்காக மடித்து, உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். என் முறை வருவதற்குள் வியர்வையில் மை பரவியிருக்கும். போன ஆண்டு வீடு மாறியபோது ஒரு பழைய கைப்பையில் அப்படி பதினொரு காகிதங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் "மன்னிக்கவும்" என்றுதான் தொடங்குகிறது. "மன்னிக்கவும், ஒரு சிறு சந்தேகம்." "மன்னிக்கவும், குறுக்கிடுவதாக நினைக்க வேண்டாம்." ஒன்றில் மட்டும் கேள்வியே இல்லை; மன்னிப்பு மட்டும் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். என்ன கேட்க நினைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் மட்டும் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற வாதங்களை அலசிய ஓர் ஆய்வு வந்தது. ஆண் நீதிபதிகள் ஒருவரையொருவர் இடைமறிப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, பெண் நீதிபதிகளை இடைமறித்தார்கள் என்றது அது. வாழ்நாள் பதவி, கறுப்பு அங்கி, உயர்ந்த ஆசனம், எதுவும் காப்பாற்றவில்லை. அந்தப் பெண் நீதிபதிகள் போகப்போக "மன்னிக்கவும்", "கேட்கலாமா" என்ற முன்னுரைகளை விட்டுவிட்டு நேராகக் கேள்விக்குப் போகப் பழகிக்கொண்டார்கள் என்பதையும் ஆய்வு கவனித்திருக்கிறது. அந்த மரியாதைச் சொல் முடிவதற்குள் வேறொருவர் புகுந்துவிடுகிறாரே! பிறகு நீதிமன்றம் கேள்வி கேட்கும் முறையையே மாற்றியது, ஒவ்வொருவருக்கும் வரிசைப்படி ஒரு முறை. அந்த மாற்றத்துக்கு இந்த ஆய்வும் ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார். அங்கே பெண்களை முகாமுக்கு அனுப்பவில்லை, விதியை மாற்றினார்கள். நம் சங்கத்திலும் மாற்றலாம். மாற்றச் சொல்லித்தான் அவர் எழுந்து நின்றார். திரும்பவும் கேட்கிறேன், அவர் சொன்னது என்ன?

"நீ அங்கேதானே இருந்தாய், ஏன் அப்போதே எழுந்து சொல்லவில்லை?" இதைக் கேட்டவர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டு இவரை நான் கடைசிக்குத் தள்ளிவிட்டதை இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

அதற்கு முன் ஒரு கதை. சோஜர்னர் ட்ரூத், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற பெண். 1851-இல் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில் பெண்கள் மாநாட்டில் பேசினார். அடுத்த மாதமே அவர் நண்பரான பத்திரிகையாளர் ஒருவர் அதை அச்சிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863-இல், அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய வெள்ளைப் பெண்மணி பிரான்செஸ் கேஜ் தன் நினைவிலிருந்து வேறொரு வடிவத்தை வெளியிட்டார். "நான் பெண் இல்லையா?" என்று உலகமே மேற்கோள் காட்டும் வரி இந்த வடிவத்தில்தான் திரும்பத் திரும்ப வருகிறது, முதலில் அச்சான வடிவத்தில் அது இல்லை. பேச்சு முழுவதும் தென்மாநில அடிமைகளின் கொச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. ட்ரூத் பிறந்தது நியூயார்க் மாநிலத்தில். அவர் தாய்மொழி டச்சு! கறுப்பினப் பெண் என்றால் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று எழுதியவர் முடிவு செய்துவிட்டார். கேஜ் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. அவர் பெண்ணுரிமைக்காரர், அடிமைமுறையை எதிர்த்தவர். கையில் பேனா இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பது ஆண்டுகளாக நம் சங்கத்தின் மினிட் புத்தகத்தை, அதாவது கூட்டக் குறிப்பேட்டை, எழுதுவது நான்தான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் என் கையில்தான் பேனா இருந்தது. அந்தப் பெண் பேசிய நான்கு நிமிடத்துக்கு நான் எழுதியிருப்பது இது: "உறுப்பினர் ஒருவர் தேர்தல் நடைமுறை குறித்து ஆதங்கம் தெரிவித்தார்." ஆதங்கம்! அவர் மணியைச் சொன்னார், எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்று எண்ணிச் சொன்னார், தீர்வையும் சொன்னார். நான் ஆதங்கம் என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில், தீர்மானம் 6, முன்மொழிந்தவர் என்ற இடத்தில் நம்மவர் பெயர், முழுப் பெயர், முதலெழுத்தோடு. எழுதும்போது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. திங்கட்கிழமை சுத்தப் பிரதி எடுக்கும்போதுதான் பார்த்தேன். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அம்பலத்தில் ஏறியதை இறக்கிவிட்டவள் நான்.

எனவே, நாற்பது பேர் மீது எனக்கிருக்கும் கோபத்தில் எவ்வளவு என்னுடைய கணக்கில் சேர வேண்டியது என்று எனக்கே தெரியவில்லை. "உனக்கு இப்போது குற்றவுணர்ச்சி, அதைக் கழுவ எங்களைத் திட்டுகிறாய்" என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதுங்கள். அது உண்மையாகவே இருந்தாலும், பெட்டி இப்போதும் மூன்று மணி நேரம்தான் திறந்திருக்கிறது.

தலைவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "சின்ன விஷயம், புத்தகத்தில் எதற்கு அடித்தல் திருத்தல்? அவருக்கே அது பெரிதாகத் தோன்றியிருக்காது" என்றார். அந்தப் பெண்ணுக்கும் செய்தி அனுப்பினேன், நடந்ததை மறைக்காமல். "இப்போதுதான் பணி முடிந்து வந்தேன், தூங்கி எழுந்து பேசுகிறேன்" என்று பதில் வந்தது. அது செவ்வாய்க்கிழமை காலை. அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை, நானும் தொந்தரவு செய்யவில்லை.

நம் விதிப்படி கூட்டக் குறிப்பு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டு உறுதி செய்யப்படும் வரை திருத்தலாம். அடுத்த கூட்டம் வரும் மாதம் முதல் ஞாயிறு. தீர்மானம் 6-இல் முன்மொழிந்தவர் பெயரை மாற்ற வேண்டும் என்று நான் முன்மொழியப் போகிறேன், "மன்னிக்கவும்" இல்லாமல். வழிமொழிய ஒருவர் வேண்டும். அந்த நாற்பது பேரில் ஒருவராக இருந்தாலும் சரி.