பால் பவுடர் டின் வாங்க ஓடுவதற்கு முன்

"பிள்ளைக்குப் பால் போதவில்லை போலிருக்கிறதே." நம் குமரி மாவட்டத்தில் பேறுகால அறைக்குள் எட்டிப் பார்க்கும் யார் வேண்டுமானாலும் இந்தத் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போகலாம். மாமி சொல்வார், மைனி சொல்வார், பக்கத்துக் கட்டிலுக்குத் துணை வந்தவர் சொல்வார். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்த தூரத்து உறவும் தன் பங்குக்குச் சொல்லும். அரைமணி நேரத்தில் வீட்டு ஆண் ஒருவர் மருந்துக் கடைக்கு ஓடுவார், டின்னும் பாட்டிலும் வந்துவிடும். அதுவரை ஒருவரும் செய்திராத காரியம் ஒன்று உண்டு: அந்தப் பெண் பால் கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பது.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் நாம். வீட்டில் பேறு பார்த்த காலமும் மலையேறிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதே ஆய்வு, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் ஏறத்தாழ 60 சதவீதம்தான் என்கிறது. மருத்துவர் பக்கத்திலேயே இருந்தும் இந்த நிலை என்றால், தாய்மார்கள் மீது மட்டும் குறை சொல்வது அநியாயம். நூற்றில் நாற்பத்தைந்து சிசேரியன். தையல் வலியோடு தாய் ஓர் அறையில், பிள்ளை இன்னோர் அறையில் என்றால் அந்த முதல் மணி நேரம் எப்படிக் கிடைக்கும்?

முதல் நாளில் பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பதே ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிதான். சீம்பாலும் அதற்குத் தக்கபடிதான் சொட்டுச் சொட்டாக வரும். பால் பெருகுவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாளில். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளலாம். இடையில் வருகிறது இரண்டாம் நாள் இரவு. பகலெல்லாம் தூங்கிய பிள்ளை விடிய விடிய அழும், குடிக்கும், விடும், மறுபடி அழும். பிள்ளை அப்படிச் சப்பச் சப்பத்தான் தாயின் உடம்பில் பால் சுரப்பது பெருகுகிறது. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது நமக்குத் தெரியாததா? அன்றைக்குப் புட்டிப்பால் கொடுத்து ஐந்து மணி நேரம் தூங்க வைத்தால் இறைப்பு நின்றுபோகிறது. நாலு நாள் கழித்து, "நான் அன்றைக்கே சொன்னேன், இவளுக்குப் பால் இல்லை என்று" என்பவர்களின் வாக்கும் பலித்துவிடுகிறது.

தக்கலைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் என் தங்கை மகள் இருந்தபோது நான் கூட இருந்தேன். பால் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை வாயை எடுத்ததும் காம்பு ஒரு பக்கம் சப்பையாகி வெளுத்திருந்தது. அடுத்த நாள் வெடித்துவிட்டது. இரவுப் பணிக்கு வந்த செவிலியர் ஒருவர் எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மக்களே, நீ குனிய வேண்டாம், பிள்ளையை உன்னிடம் கொண்டு வா" என்றார். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தார். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். காம்பால் பிள்ளையின் மேலுதட்டைத் தொட்டுத் தொட்டுக் காத்திருந்தார். வாய் நன்றாக அகலத் திறந்த நொடியில் சட்டென்று அணைத்துவிட்டார். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போனது. தாடை மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது. கொஞ்ச நேரத்தில் விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. "வலி குறைந்துவிட்டது பெரியம்மா" என்றாள், நம்ப முடியாதவளைப் போல. அவர் செலவழித்தது இருபது நிமிடம் இருக்கும்.

எதிர்க் கட்டில் பெண்ணுக்குக் காம்பு உள்வாங்கியிருந்தது. அதே செவிலியர் புது ஊசிக்குழாய் ஒன்றின் முனையை வெட்டி, தண்டை அந்த வெட்டிய பக்கமாகச் செருகி, வழவழப்பான மறுபக்கத்தை மார்பில் வைத்து மெதுவாக இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். பால் கட்டிக் கல்லானால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கருவட்டம் இளகும்வரை கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கொடுக்கலாம். பிள்ளையால் சப்ப முடியாவிட்டால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில், புகட்டலாம். பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் நம் பாலாடையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சுறாப் புட்டு, பூண்டு, உளுந்தங்களி எல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரிக்கு நல்ல சாப்பாடு வேண்டும், எனக்கும் போட்டார்கள், ருசித்துச் சாப்பிட்டேன். ஆனால் பிள்ளை சரியாகப் பற்றிக் குடிக்காமல் புட்டு மட்டும் பாலைக் கொண்டுவந்துவிடாது. பிறந்ததும் நாக்கில் தேனும் சீனித் தண்ணீரும் தடவுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். ஒரு வயது வரை தேனே கூடாது.

பால் போதுகிறதா என்பதைப் பிள்ளையின் துணியில் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். தொடக்கத்தில் எடை குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, பாலுக்குக்கூட எழாமல் துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் கால்வரை இறங்கினாலோ, தாய்க்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் பார்த்துவிட்டு மாவுப் பால் வேண்டும் என்றால் கொடுங்கள். அது பாவமல்ல. உண்மையாகவே பால் குறைவாகச் சுரக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குத்திக்காட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. என் கோபம், யாரும் பார்க்காமலே வரும் டின் மீதுதான். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த டின்னுக்கு விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் தடுக்கிறது. உறவினர் வாயை எந்தச் சட்டம் தடுக்கும்?

தூத்தூர்ப் பக்கம் கணவன் ஆழ்கடலில் இருப்பான், வேறு பல வீடுகளில் வளைகுடாவில் இருப்பான். அந்தப் பெண்ணுக்குத் துணை அம்மாவும் மாமியும்தான். ஆகவே அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லித் தர வேண்டும். 2015 முதல் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறை கட்டினார்கள், நல்ல காரியம். இப்போது தேவை ஆள். ஒவ்வொரு பிரசவ வார்டிலும், அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், இரவுப் பணியில் இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். ஒரு தடவையாவது முழுதாகப் பால் கொடுப்பதைப் பார்க்காமல் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கட்டுப்படியாகாது என்று சொல்லும் தனியார் மருத்துவமனைகள் அறை வாடகைக்குக் கீழே இதையும் ஒரு வரியாகப் பில்லில் சேர்த்துக்கொள்ளட்டும். டின்னுக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.